கடைசிப் பெயர்

மே 4, ஞாயிறு

இல்லை, கோபம் இல்லை. கோபமாக இருந்தால் தெரிந்த அன்றே எழுதியிருப்பேன். இப்படித் துணி காயப்போட்டு, தண்ணீர் கேன்காரருக்குப் போன் செய்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நடந்தது இது. நிறுவனத்தில் நிரந்தர வேலை ஒன்று அறிவித்திருக்கிறார்கள். உதவிப் பேராசிரியர், தாய்சேய் நலப் பிரிவு. பல வருஷமாக ஒப்பந்தத்தில் நான் செய்துவரும் அதே வேலைதான். விண்ணப்பிக்க எச்-இண்டெக்ஸ் பன்னிரண்டு வேண்டும். அதாவது நாம் எழுதிய ஆய்வுக்கட்டுரைகளில் குறைந்தது பன்னிரண்டு கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் பன்னிரண்டு பேராவது, தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். அந்த எண்ணை நாம் சொன்னால் செல்லாது. ஆய்வுத் தரவுத்தளத்தில் நம் பெயருக்கு நேரே இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கடைசி நாள் மே 28. என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இந்த முறை புதுப்பிக்க நிதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

என் பெயருக்கு நேரே இருப்பது ஐந்து.

இன்று கத்திரி தொடக்கம். வேலூரில் துணி காய்வதற்குள் அடுத்த துணியைப் பிழிய முடியவில்லை.


மே 6, செவ்வாய்

நூலகம். ஹபீபா அக்கா. யாரை உலகத்தில் யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று வருஷா வருஷம் அறிக்கை தயாரிப்பவர் அவர்தான். எங்கள் எல்லோருடைய ஜாதகமும் அவரிடம் இருக்கிறது.

“இன்னாம்மா இது, உன் கட்டுரையில பாதியக் காணோம்?”

“இருக்குக்கா. வேற இடத்துல இருக்கு.”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். இளம்பரிதி கே., லிவர்பூல். நீளமான பட்டியல். அதில் பன்னிரண்டு கட்டுரைகள் என்னுடையவை. அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது எது என்று கேட்டால் முதலில் வந்து நிற்பதும் என்னுடையதுதான்.

“இது நம்ம பரிதி சாரு.”

“ஆமா.”

“உன் வூட்டுக்காரரு.”

ஆமா என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் வக்கீல் ஒரு தேதி வாங்கி வைத்திருக்கிறார். செப்டம்பரில்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர். அவ்வளவுதான். வெளிநாட்டு ஆய்விதழ்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்திருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. பரிதியின் அப்பா கதிரேசன். அதனால் அவன் இளம்பரிதி கே. கல்யாணத்துக்குப் பிறகு என் கட்டுரைகள் குழலி இளம்பரிதி என்று வந்தன. சுருக்கினால் நானும் இளம்பரிதி கே. அப்போது ஒரே நிறுவனம், ஒரே துறை, ஒரே முகவரி. இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது.

ஹபீபா அக்கா சிரித்துவிட்டார்.

“கல்யாணத்துல ஈருடல் ஓருயிருன்னு வாழ்த்துவாங்க இல்ல? அத கம்ப்யூட்டரு நம்பிடுச்சு பாரு.”

நானும் சிரித்தேன். நல்ல ஜோக்.


மே 7, புதன்

வாஷிங் மெஷின் ரிப்பேர். கையால் துவைத்தேன்.


மே 9, வெள்ளி

ஜவ்வாது மலை. மேலே காற்று வேறு. பெட்டியில் இருக்கும் வெப்பமானிகளுக்கே நிம்மதி.

உண்ணாமலை என்ற பெண். இரண்டாவது பிரசவம். குழந்தையைப் புடவைத் தலைப்பால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். நாங்கள் சொல்லித்தந்தது போலவே. அக்குளில் வெப்பமானி வைத்தேன். சரியான சூடு.

“எம்மா தடவ வந்துட்ட மேடம். ஒரு தபா தூக்கிப் பாரு. கடிக்காது.”

“ரெண்டு கையும் வேலையா இருக்கே.”

“பொட்டிய நான் புடிச்சிக்கறேன்.”

“அடுத்த தடவ.”

அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம், “மேடத்துக்குக் கொழந்தைனா பயம்” என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

வெப்பமானிக்கு ஒரு கை, எழுத ஒரு கை. ஆரம்பத்திலிருந்து இதுதான் முறை.

மலையிலிருந்து நான் எழுதிய முதல் கட்டுரை இதைப் பற்றியதுதான். மலையில் பிறக்கும் குழந்தையை முதல் ஒரு மணி நேரம் அம்மாவின் வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்தால் உடல் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது. அது என்னைவிட அதிகம் பயணம் செய்திருக்கிறது. நைரோபியில், டாக்காவில், லிமாவில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒரு பெரு நாட்டு ஆய்வாளர், இளம்பரிதி என்ற மனிதர் மலைக்கிராமங்களில் தாய்மார்களின் நம்பிக்கையை எப்படிப் பெற்றார் என்று வியந்து ஒரு பத்தி எழுதியிருக்கிறார். பரிதி ஒரே ஒருமுறைதான் மலைக்கு வந்தான். வளைவுகளில் வாந்தி எடுத்தான்.


மே 12, திங்கள்

“தானா சேராதும்மா” என்றார் ஹபீபா அக்கா.

“எது?”

“கட்டுரை. தானா போயி உக்காராது. மெயில் வரும். ‘இது உங்களுதா?’ன்னு கேக்கும். ஆமான்னு அமுக்கினாத்தான் சேரும். அவரு அமுக்கியிருக்காரு.”

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தேன். நூலகத்து மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“உனக்கும் வந்திருக்கணுமே. எழுதினவங்க எல்லாருக்கும் வரும்.”

என் மின்னஞ்சலைத் திறந்து தேடினார். வந்திருந்தன. வரிசையாக. இது உங்களுடையதா? இது உங்களுடையதா? வருஷக்கணக்காக. சில திறக்கப்பட்டிருந்தன. எதற்கும் பதில் போகவில்லை.

“நீ ஏன் அமுக்கல?”

“வேலை ஜாஸ்திக்கா.”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு, “டீ குடிக்கலாம் வா” என்றார்.


மே 14, புதன்

ஆட்சேபணை தெரிவித்தேன். உடனே பதில் வந்தது, இயந்திரத்திடமிருந்து. விசாரித்து மாற்ற நான்கு வாரம் ஆகும். மற்றவர் தானாக முன்வந்து ‘என்னுடையதல்ல’ என்று விடுவித்தால் ஒரே நாள்.

நான்கு வாரம் என்றால் ஜூன் பாதி. கடைசி நாள் போய்விடும்.

ஆக, பரிதிக்கு எழுத வேண்டும். மூன்று வரைவுகள். முதலாவதில் விளக்கம் அதிகம். இரண்டாவதில் ஒரு கேள்வி இருந்தது, அது கட்டுரை பற்றியது அல்ல. மூன்றாவதை அனுப்பினேன்: ‘என் கட்டுரைகள் பன்னிரண்டு உன் பக்கத்தில் இருக்கின்றன. மே 28க்குள் விடுவித்துவிடு. வேலைக்காகத் தேவைப்படுகிறது. குழலி.’

குழலி என்பதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் போடவில்லை.


மே 17, சனி

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

“எப்பிடி இருக்க?”

“வெயிலா இருக்கு.”

“இங்க மழை.”

இரண்டு நாட்டு வானிலை முடிந்தது.

“மெயில் பாத்தேன். ஒண்ணு கேக்கவா? ஜூன் ரெண்டு வரைக்கும் பொறுத்துக்க முடியுமா? இங்க ப்ரொபசர் போஸ்ட்டுக்கு என் பேர் போயிருக்கு. நடுவுல நம்பர் இறங்குனா ஏன்னு கேப்பாங்க.”

“எனக்கு இருபத்தெட்டு.”

“டைரக்டர்கிட்ட பேசேன். ஒரு வாரம் தள்ளி வைக்க மாட்டாரா?”

“நீ பேசிப் பாரேன், உங்க டைரக்டர்கிட்ட.”

சிரித்தான். அவன் சிரிப்பு மாறவில்லை. தோற்கும்போது முதலில் சிரிப்பான்.

“பரிதி, எத்தன தடவ அமுக்கின?”

“எத?”

“‘என்னுடையது’ங்கற பொத்தான.”

போனில் ஏதோ சத்தம். மழையாக இருக்கலாம்.

“மொதல்ல கவனிக்கல. என்னோடதும் உன்னோடதும் மொத்தமா வந்துச்சு, மொத்தமா ஆமான்னேன். அப்பறம் கவனிச்சேன்.”

“அப்பறம்?”

“எடுத்தா உன்னயும் எடுக்கற மாதிரி இருந்துச்சு.”

அந்த வாக்கியம் நன்றாக இருந்தது. அவன் கட்டுரைகளிலும் முடிவுரைதான் நன்றாக இருக்கும். ஆய்விதழ் நடுவர்கள் கேள்வி எழுப்புவது எப்போதும் தரவைப் பற்றித்தான்.

“பாக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

இரவுக்குச் சப்பாத்தி. இரண்டு போதும். பழக்கத்தில் மாவு அதிகம் பிசைந்துவிட்டேன்.


மே 19, திங்கள்

கேஸ் தீர்ந்தது. பதிவு செய்தேன். இணைப்பு இன்னும் பரிதி பெயரில் இருக்கிறது. சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டிய ஓடிபி அவன் போனுக்குப் போகும். போன தடவை கேட்டபோது நான்கு இலக்கங்கள் அனுப்பினான். முன்னும் பின்னும் ஒரு வார்த்தை இல்லை. மார்ச் மாதம் முழுவதற்கும் எங்கள் உரையாடல் அதுதான்.

இன்டக்‌ஷன் அடுப்பில் ரசம்.


மே 21, புதன்

காலையில் ஹபீபா அக்கா என் அறைக்கே வந்துவிட்டார். அவர் படியேறி வந்து நான் பார்த்ததில்லை.

“வந்துடுச்சு!”

“எல்லாமா?”

“பதினொண்ணு. உன் நம்பரும் பதினொண்ணு. ஒரே ஒரு கட்டுரை வந்தா போதும், பன்னண்டு ஆயிடும்.” மூச்சு வாங்கினார். “அந்த ஒண்ண மட்டும் விடல அந்த மனுசன். எதுன்னு பாரு. எல்லாரும் மேற்கோள் காட்டுற அதுதான். கெட்டிக்காரன். உமிய குடுத்துட்டு அரிசிய வச்சிக்கினான்.”

“அதுக்காக இருக்காதுக்கா.”

“பின்ன எதுக்காக?”

“தெரியல” என்றேன்.

அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்பதைச் சொல்லவும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.


மே 23, வெள்ளி

அவன் விடாத அந்தக் கட்டுரை பற்றி. குறிப்புக்காக மட்டும்.

மலையில் இரண்டு குளிர்காலம் தரவு சேகரித்தேன். எழுதியது நான். கணக்குகளை ஒருமுறை பரிதி சரிபார்த்துத் தந்தான். பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். “உன் வேலை. உன் பேரே போதும்” என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

ஆய்விதழ் கேட்ட திருத்தங்களை அனுப்பக் கடைசி நாளன்று நான் மகப்பேறு வார்டில் இருந்தேன். ஜன்னலோரக் கட்டில். கெடு தள்ளிக் கேட்கலாம் என்று பரிதி சொன்னான். வேண்டாம், அனுப்பிவிடு என்றேன். ஏதாவது ஒன்று உரிய நாளில் போய்ச் சேரட்டும் என்று நினைத்திருப்பேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கட்டமாக வாசித்தான்.

“கடைசிப் பேர் கேக்குது.”

நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

“எதையாவது போடு.”

அவன் தட்டிய சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு தட்டல்கள். அவன் பெயர் நீளம்.

சற்று நேரத்தில் நர்ஸ் வேறொரு தாளோடு வந்தார். அதிலும் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விடலாம் என்று அவரே சொன்னார்.

அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.


மே 24, சனி

நாள் முழுக்க மின்சாரம் இல்லை. நல்ல தூக்கம்.


மே 25, ஞாயிறு

விட்டுவிடலாம் என்றும் தோன்றுகிறது. பதினொன்றோடு. சென்னையில் ஒரு திட்டத்துக்கு ஆள் தேடுகிறார்கள். அங்கே யாரும் எண் கேட்கவில்லை. மலை இருக்காது, அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரை அங்கேயே இருந்தால் என்ன. எங்கேயோ ஓர் இடத்தில் நாங்கள் ஒருவராகவே இருந்துவிட்டுப் போகிறோம் என்று

(முடிக்கவில்லை. ஹபீபா அக்கா பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார். டப்பாவின் மேல் சீட்டு: ‘துன்னுட்டு போன் பண்ணு. எனக்கு இல்ல. அவருக்கு.’)


மே 26, திங்கள்

மதியம் கூப்பிட்டேன். அங்கே காலை. நடந்துகொண்டிருந்தான், மூச்சு கேட்டது.

“ஒண்ணு பாக்கி இருக்கு.”

“தெரியும்.”

“நம்பருக்காகவா?”

“இல்ல குழலி. நம்பர்தான் போயிருச்சே. பதினொண்ணு விட்டதுலயே இங்க கேட்டுட்டாங்க. நடந்தத அப்படியே சொன்னேன். போஸ்ட் வேற ஒருத்தருக்குப் போகும்னு நெனக்கிறேன்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வருத்தம் என்று சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன்.

“பின்ன அது மட்டும் ஏன்?”

நடை நின்றது. எங்கோ உட்கார்ந்தான் போல.

“அன்னிக்கு ரெண்டு பேப்பர் வந்துச்சு. ஒண்ணுல பேரு எழுதுனோம். ஒண்ணுல எழுதல.”

“பரிதி.”

“நம்ம பொண்ண நான் தூக்குனேன். நீ திரும்பவே இல்ல. ஒரு நிமிஷம் இருக்கும். சூடா இருந்தா, குழலி. உசிரு இல்லன்னு சொன்னாங்க, ஆனா சூடா இருந்தா. நீ ரெண்டு வருஷமா அளந்தியே, அதே சூடு. அத உங்கிட்ட சொல்லணும்னு... நீ கேக்கவே இல்ல. அப்பறம் அந்தக் கட்டுரை வந்துச்சு. ‘இது உங்களுதா?’ன்னு மெயில் கேட்டுச்சு. அத மட்டும் தெரிஞ்சேதான் ஆமான்னேன்.”

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். ஓர் இலைகூட அசையவில்லை.

நான்தான் பேசினேன்.

“அது அவ இல்ல, பரிதி. அது கட்டுரை.”

“ம்.”

“நான் எழுதுன கட்டுரை. மலையில இருக்கற கொழந்தைங்க பத்தி. பொழச்ச கொழந்தைங்க பத்தி.”

“தெரியும்.”

“அப்ப குடு.”

அவன் அழுதானா என்று எனக்குத் தெரியாது. மழைச் சத்தம் இன்று இல்லை.

“சூடா இருந்தான்னு சொன்னது... சரி” என்றேன். “சொன்னது சரி.”

நான் சொல்ல நினைத்தது வேறு வாக்கியம். அது வரவில்லை.

வைத்த பிறகு குளித்தேன். கையை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தேன். காரணம் இல்லை.


மே 27, செவ்வாய்

வந்துவிட்டது.

ஹபீபா அக்கா நூலகத்தில் இருந்த எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெயில் காலத்துச் சாக்லேட், தாளோடு ஒட்டிக்கொண்டது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. சிதறிக் கிடந்த கட்டுரைகளெல்லாம் ஒரே ஆளுடையவை என்று தரவுத்தளத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே பெயர் வேண்டும். கல்யாணத்துக்கு முந்தைய கட்டுரைகளில் நான் அப்பா பெயரில் இருக்கிறேன், மாசிலாமணி கே. என்று. பிந்தியவற்றில் இளம்பரிதி கே. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். இரண்டாவதைக் காலியாக விட்டால் சிவப்பாகிறது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். அதற்கும் சிவப்பு.

“ரெண்டு கட்டம்” என்றார் ஹபீபா அக்கா, என் தோளுக்கு மேலிருந்து. “ஒண்ணுல உன் பேரு. இன்னொண்ணுல எந்த ஆம்பளையப் போடப் போற?”

“நாளைக்குப் போடறேன்க்கா.”

“நாளைக்குத்தான் கடைசி நாளு.”

“அதான் நாளைக்கு.”

“உங்க அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்.”

கேட்டேன். அப்பா யோசித்தார். “எம் பேர எதுக்கும்மா அங்கெல்லாம் இழுக்கற” என்றார். “நான் டவுன் பஸ் ஓட்டுனவன். கொழந்தைக்கு சொரம்னா எனக்கு என்னா தெரியும். யாராவது சந்தேகம் கேட்டு லெட்டர் போட்டா?”


மே 28, புதன்

கத்திரி முடிகிறது என்று நாள்காட்டி சொல்கிறது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் நூலகம் திறந்ததும் போய் உட்கார்ந்தேன். முதல் பெயர்: குழலி. கடைசிப் பெயர்: குழலி. சிவப்பு வரவில்லை. ஹபீபா அக்கா எட்டிப் பார்த்து, “உனக்கு நீயே வூட்டுக்காரரா?” என்றார். பிறகு தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

குழலி கே. பன்னிரண்டு.

இனி நைரோபியிலும் லிமாவிலும் என்னை இரண்டு தடவை கூப்பிடுவார்கள். இருக்கட்டும்.

விண்ணப்பத்தை அனுப்பினேன். வேலை கிடைக்குமா தெரியாது. நேர்காணல் ஜூலையில். வெள்ளிக்கிழமை மலைக்குப் போக வேண்டும். உண்ணாமலையின் குழந்தைக்கு இரண்டாம் அளவு. உதவியாளரையும் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். அவர் எழுதிக்கொள்வார். எனக்கு ஒரு கை மிச்சமாகும்.

மதியம் சிலிண்டர் வந்தது. வாசலில் ஆளை நிற்கவைத்துவிட்டுப் பரிதியிடம் எண் கேட்டேன். நான்கு இலக்கங்கள் வந்தன. கீழே, ‘சாப்பிட்டியா’ என்று ஒரு வரி. எண்ணைச் சொல்லி, சிலிண்டரை உருட்டி உள்ளே கொண்டுபோய் மாட்டினேன். பால் காய்ச்சினேன்.